குதிரைகள் நின்ற இடம்

“ஓடிப்போனவனோட சாமானை யாரும் ஏலம் விட மாட்டாங்க. யோசிச்சுப் பாரு.”

“இங்க எதைத்தான் ஏலம் விடல முதலாளியம்மா? கர்னல் வீட்டுக் கக்கூஸ் கதவை இப்பத்தான் ஒருத்தர் புதுப் பொண்டாட்டியைத் தூக்குற மாதிரி தூக்கிட்டுப் போறார்.”

ஹெஸ்டர் மக்கேப் சிரிக்கவில்லை. அவள் சிரிக்காத நேரத்தில்தான் அவள் மூளை ஓடும் என்பது ஆரின் டப்ஸுக்குத் தெரியும். லாரமி நகரத்தில் தையற்கடை மாடியில் நடக்கும் அந்தத் துப்பறியும் அலுவலகத்தில் ஆட்களே இரண்டு பேர்தான். அவள் யோசிப்பாள். அவன் பெட்டி தூக்குவான், வண்டி பிடிப்பான், அவள் யோசித்து முடிக்கும்வரை வாயை மூட முடியாமல் எதையாவது பேசிக்கொண்டிருப்பான்.

அன்று கார்விக் கோட்டையே விலைக்கு வந்திருந்தது. கோட்டை என்று பெயர்தான். மதிலும் இல்லை, வாசலும் இல்லை. புல்வெளி நடுவே ஒரு மைதானம், சுற்றிலும் மர வீடுகள், ஓரத்தில் நீளமான குதிரை லாயம். தங்கம் தேடி வடக்கே போன வண்டிகளுக்குக் காவலாக எழுப்பியது. தங்கம் தீர்ந்தது, லக்கோட்டாப் பழங்குடிகளோடு நடந்த சண்டையும் தீர்ந்தது, ரயில் வேறு வழியாகப் போய்விட்டது. பட்டாளம் மூட்டை கட்டிக் கிளம்பிய பிறகு மிச்சமிருந்த கதவு, ஜன்னல், அடுப்பு, கூரைத் தகடு எல்லாவற்றையும் கொடிமரத்தடியில் ஒரு பெட்டிமேல் ஏறி நின்று ஏலக்காரர் கூவிக்கொண்டிருந்தார். செத்தவர்களைக்கூட அங்கே விட்டுவைக்கவில்லை. கல்லறைத் தோட்டத்தில் காண்டிராக்டரின் ஆட்கள் குழிகளைத் தோண்டி, எலும்புகளைச் சின்னச் சின்னப் பெட்டிகளில் போட்டு, கிழக்கே இருக்கிற ராணுவ மயானத்துக்கு அனுப்ப வண்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

மேட்டின்மேல் அரபஹோ பழங்குடிப் பெரியவர்கள் இரண்டு பேர் குதிரையில் உட்கார்ந்தபடி இதையெல்லாம் பார்த்தார்கள். கோட்டை கட்டிய வருஷமும் இப்படித்தான் வந்து பார்த்தார்களாம். அப்போது சிரிக்கவில்லை. இன்று ஒருவரிடம் ஒருவர் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டார்கள்.

“நேத்து நடந்ததை முதல்லேர்ந்து சொல்லு” என்றாள் ஹெஸ்டர்.

இது அவள் வழக்கம். அவனைச் சொல்ல வைத்து, அவன் சொல்லும்போது தான் கேட்பாள். ஆரின் சொன்னான். ரயிலடிச் சாப்பாட்டுக் கடையில் மூன்று பேரும் சூப் குடித்துக்கொண்டிருந்தார்கள்: அவன், அவள், அவர்களை வேலைக்கு அமர்த்திய ஒட்டிலி டிரௌட்வைன் அம்மா. கடைக்காரர் முர்டா கெலெஹர், இந்தக் கோட்டைக் குதிரைகளுக்கு ஒரு காலத்தில் லாடம் அடித்த சிப்பாய். அடுப்படியில் நின்று மவுத் ஆர்கன் வாசித்தார். வாசிப்பில் ஒரு ஓட்டை. பாட்டு ஏறும்போது ஒரு சுரம் மட்டும் விழவில்லை. அந்த இடத்தில் வெறும் காற்று. அம்மாவின் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றுவிட்டது. அவருடைய சின்ன மகன் வெண்டல், சிறுவனாக இருந்தபோது ஆப்பிள் மரத்திலிருந்து வாயில் மவுத் ஆர்கனோடு விழுந்தவன். அன்றிலிருந்து அதில் ஒரு சுரம் ஊமை. அந்த ஊமைச் சுரத்தை அவர் எங்கே கேட்டாலும் கண்டுபிடித்துவிடுவார்.

அது எங்கே கிடைத்தது என்று அம்மா கேட்டார். பட்டாளத்தில் எங்கள் கம்பெனி, அதாவது எங்கள் படைப்பிரிவு, நடத்திய ஏலத்தில் எடுத்தேன் என்றார் கெலெஹர், பெருமையாகவே. சொன்ன அடுத்த நொடி முகம் வெளுத்து அடுப்படிக்குள் போனவர் திரும்பி வரவில்லை.

“இதுல என்ன இருக்கு?” என்றான் ஆரின். “ஓடிப்போன பையன் விட்டுட்டுப் போனதை வித்திருப்பாங்க.”

அங்கேதான் அவன் தப்புப் பண்ணுகிறான் என்றாள் ஹெஸ்டர். அவள் கோட்டைகளில் வளர்ந்தவள். அவளுடைய அம்மா பட்டாளத்துச் சலவைக்காரி. சிப்பாய் ஒருவன் செத்தால் அவன் சாமானை அவனுடைய கம்பெனிக்காரர்களே தங்களுக்குள் ஏலம் போட்டு எடுப்பார்கள். கிழிந்த பனியனுக்குக்கூடப் போட்டி போடுவார்கள். அந்தப் பணம் வீட்டுக்குப் போகும். செத்தவனுக்கு அது கடைசி மரியாதை. ஆனால் ஓடிப்போனவனைப் பிடித்து இழுத்து வரலாம், அவனே திரும்பி வரலாம். உயிரோடு இருக்கிறவன் சாமானை ஏலம் விடுவது அவனைக் குழியில் தள்ளுகிற மாதிரி. குடிவெறியில்கூட ஒரு சிப்பாய் அதில் கை வைக்க மாட்டான்.

“அப்ப வெண்டல் ஓடிப்போகல” என்றான் ஆரின் மெதுவாக. “செத்துப்போனாரு. கம்பெனிக்கே தெரியும்.”

“தெரிஞ்சே ஓடிப்போனான்னு எழுதிக் கொடுத்திருக்காங்க.”

“சரி, இவ்வளவு வருஷம் மறைச்சவர் நேத்து ஏன் உளறணும்?”

“செத்தவன் பொருளைத் திருடினவன்னு பேர் வாங்க ஒரு பழைய சிப்பாய்க்கு மனசு வராது. கொலைகாரன்னு சொன்னாக்கூடத் தாங்கிப்பான்.”

ஆரின் மைதானத்தைத் தாண்டிப் பார்த்தான். விலை போக வேண்டிய ஒரு பெஞ்சில் ஒட்டிலி அம்மா உட்கார்ந்திருந்தார், கறுப்புத் தொப்பி, மடியில் கை. ஒஹையோவிலிருந்து இதற்காகவே வந்த ஜெர்மன்காரர். ஒரே நாளில் இரண்டு மகன்களை இதே கோட்டைப் பட்டாளத்துக்கு அனுப்பினார். மூத்தவன் காஸ்பர் திரும்பி வந்தான். சின்னவன் ஓடிப்போனான் என்று ஊருக்குச் செய்தி வந்த நாளிலிருந்து அவர் புருஷன் சாப்பாட்டு மேஜையில் அந்தப் பெயரைச் சொல்ல விடவில்லை. சொல்லாமலே செத்தும் போனார். அம்மா கேட்டது அதிகமில்லை. வெண்டல் ஓடினானா, இல்லையா? இல்லையென்றால் எலும்பையாவது வீட்டுக்குக் கொண்டுபோய் அப்பா பக்கத்தில் வைக்க வேண்டும். இன்று ஏலம் முடிந்தால் நிலம் பக்கத்துப் பண்ணைக்காரர் கைக்குப் போகும், நாளை ஏர் ஓடும்.

“மூத்தவர் என்ன பண்றார்?” என்று கேட்டாள் ஹெஸ்டர்.

“பாலத்துக்கு அந்தப் பக்கம் வண்டியிலேயே உட்கார்ந்திருக்கார். காலையிலேர்ந்து கோடு போட்ட மாதிரி இந்தப் பக்கம் வரல. முழங்கால் வலியாம். அம்மா ஒரு கேன்ல காபி கொடுத்து அனுப்பினாங்க, அதையும் வேண்டான்னுட்டார். காபி வேண்டாங்கற ஜெர்மன்காரரை நான் இப்பத்தான் முதல்ல பார்க்கறேன். கொட்ட மனசு வராம நானே குடிச்சேன். பாவம்னு நினைக்காதீங்க, நல்லாத்தான் இருந்துச்சு.”

அப்போது கொடிமரத்தடியில் லாயம் ஏலத்துக்கு வந்தது. பண்ணைக்காரர் ஒரு விலை சொன்னார். கூட்டத்தின் பின்னாலிருந்து கெலெஹர் அதற்குமேல் சொன்னார். பண்ணைக்காரர் ஏற்றினார்; கெலெஹர் ஏற்றினார். குரல் உடைந்தது, ஆனாலும் ஏற்றினார். கடைசியில் பண்ணைக்காரர் சிரித்துக்கொண்டே சொன்ன விலைக்குமேல் அவரால் ஏற்ற முடியவில்லை. சுத்தியல் விழுந்தது. கெலெஹர் தொப்பியைக் கழற்றினார், யாரையும் பார்க்காமல் லாயத்தை நோக்கி நடந்தார்.

“இந்த ஆள்கிட்ட எத்தனை குதிரை இருக்கு?” என்றாள் ஹெஸ்டர்.

“குதிரையா? நேத்துக் கடைக்கு உருளைக்கிழங்கு மூட்டையையே முதுகுல சுமந்துட்டு வந்தார்.”

சொன்ன பிறகுதான் அவனுக்கே உறைத்தது. ஒரு குதிரைகூட இல்லாதவர், இருக்கிற காசையெல்லாம் போட்டு லாயத்தை வாங்கப் பார்க்கிறார்.

உள்ளே வைக்கோல் வாசனை இன்னும் போகவில்லை. இரண்டு பக்கமும் கொட்டடிகள். ஒவ்வொன்றின் மேலும் ஒரு காலத்தில் அந்தக் குதிரையின் பெயர் எழுதிய பலகை இருந்திருக்கிறது. எல்லாவற்றையும் யாரோ விறகுக்குப் பிடுங்கிவிட்டார்கள், ஆணி மட்டும் மிச்சம். ஒன்றை மட்டும் யாரும் தொடவில்லை. புது வெள்ளைப் பூச்சில், நிதானமான எழுத்தில், ஒரு பெயர். ஆரின் வாய்விட்டுப் படித்தான்.

“ஒட்டிலி.”

அது அம்மாவின் பெயர். 

கெலெஹர் அந்தக் கொட்டடிக் கட்டையில் சாய்ந்து நின்றிருந்தார். வந்தவர்களைப் பார்த்து, கடை மூடியிருக்கு, சூப் இல்லை என்றார். ஹெஸ்டர் அதைக் காதில் வாங்கவில்லை. ஏலம் எப்படி நடக்கும், யாருக்கு நடக்கும் என்று தனக்குத் தெரிந்ததைச் சொன்னாள். குதிரை இல்லாதவருக்கு லாயம் எதற்கு என்று கேட்டாள். பிறகு பலகையைக் காட்டி, வருஷாவருஷம் வெள்ளை அடிக்கிறது யார் என்றாள்.

“உனக்குப் பட்டாளத்து ஏலத்தைப் பத்தி யார் சொன்னா, பொண்ணே?”

“எங்கம்மா சலவைக்காரி. நான் சலவைக்காரங்க குடியிருந்த சோப்புநுரை வரிசையில பிறந்தவ.”

கிழவர் அவளை நன்றாகப் பார்த்தார். அதற்குப் பிறகு அவர் பொய் சொல்ல முயலவில்லை.

வெண்டல் தன் குதிரைக்கு அம்மா பெயரை வைத்தானாம். மொத்தக் கம்பெனியும் கேலி பண்ணியது. தினமும் ஒரு தடவையாவது அந்தப் பெயரைச் சத்தமாகச் சொல்ல ஒரு சாக்கு வேண்டாமா என்று அவன் திருப்பிக் கேட்டதும் யாரும் கேலி பண்ணவில்லை. அந்தக் குளிர்காலம் லக்கோட்டாக்கள் குதிரை ஓட்டிப்போக வருவார்கள் என்று எல்லோருக்கும் பயம். அவர்கள் வரவேயில்லை. வந்தது பனிப்புயல். பட்டப்பகல்தான், ஆனால் நீட்டின கை தெரியாது. ஆற்றுப் பக்கம் பாரா நின்றவன் வெள்ளைக்குள் ஏதோ அசைவதைப் பார்த்தான். மேலே காட்டெருமைத் தோல், குனிந்த உருவம். யாரது என்று கத்தினான். பதில் வந்திருக்க வேண்டும். காற்று அதைப் பாதியிலேயே தூக்கிக்கொண்டு போய்விட்டது. சுட்டான்.

“இந்தக் கோட்டை இருந்த காலம் பூரா இங்க குண்டுபட்டுச் செத்தவன் அவன் ஒருத்தன்தான்” என்றார் கெலெஹர். “மத்தவனெல்லாம் குளிர்லயும் வயித்தால போயும் செத்தவங்க. அவங்களுக்கெல்லாம் அங்க பேர் எழுதின பலகை இருக்கு.”

புதைக்க இடமில்லை. நிலம் இரும்பாக உறைந்து கிடந்தது. கடப்பாரை நெருப்புப் பொறி பறக்க எகிறியது. குதிரைகளின் காலடி மட்டும்தான் இளகியிருந்தது, அவற்றின் சூட்டிலும் சாணத்திலும். அவன் குதிரையை வெளியே கொண்டுபோய்விட்டு, அது நின்ற இடத்திலேயே தோண்டினார்கள். பழைய சிப்பாய்களுக்கு இது புதிதில்லை. எதிரியின் நாட்டில் யாரையாவது புதைத்தால் மேலே குதிரைகளை நடத்தித் தடத்தை அழிப்பார்கள், ஓநாயும் தோண்டாது, எதிரியும் தோண்டமாட்டான். ஒட்டிலி என்ற அந்தக் குதிரை அன்று அந்தக் கொட்டடிக்குள் கால் வைக்க மறுத்தது. பிறகு வந்து நின்றது. ஏலத்தையும் அங்கேயே, கதவைச் சாத்திக்கொண்டு நடத்தினார்கள்.

“அப்புறம் ஓடிப்போனான்னு எழுதிட்டீங்க” என்றாள் ஹெஸ்டர். “பாராக்காரனைக் காப்பாத்த.”

“பாராக்காரனைக் காப்பாத்த முடியல. அவன் துப்பாக்கியைப் பிடுங்க நாலு பேர் வேண்டியிருந்தது, தன்னையே சுட்டுக்கப் பார்த்தான்.” கெலெஹர் பலகையைப் பார்த்துக்கொண்டே பேசினார். “வெண்டல் எதுக்கு அந்தப் புயல்ல வெளிய போனான் தெரியுமா? ஒரு தகரக் குவளையில காபி. மேல தொப்பியை வச்சு மூடி, சூடு போகாம நெஞ்சோட அணைச்சு எடுத்துட்டுப் போனான். பாரா நிக்கறவனுக்குக் காபி இல்லன்னா கண்ணு தெரியாதுன்னு சொல்லிட்டுப் போனான்.”

ஆரினுக்குக் காலையில் குடித்த காபி நினைவுக்கு வந்தது. பாலம், வண்டி, வேண்டாம் என்று தள்ளிய கை.

“காஸ்பர்” என்றான்.

கெலெஹர் தலையாட்டினார். 

ஒரு பிள்ளை ஓடிப்போனால் அம்மா திட்டுவாள், அழுவாள், ஆனால் எங்கேயோ உயிரோடு இருக்கிறான் என்று ஒரு மூலையில் நினைத்துக்கொள்வாள் என்று அன்றைக்குக் கம்பெனியில் பேசி முடிவு செய்தார்களாம். ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளையைச் சுட்டான் என்றால் அவளுக்கு யார் மிச்சம்? சீட்டு விளையாட்டில்கூட ஒத்துப்போகாத கம்பெனி அந்த ஒன்றில் ஒத்துப்போனது. இதைவிட நல்ல காரியம் தாங்கள் பண்ணியதில்லை என்றுதான் அவர் நேற்றுவரை நினைத்திருந்தார். நேற்று அந்த அம்மாவின் கரண்டி நின்றதைப் பார்க்கும்வரை.

“அந்த நினைப்பை வச்சுக்கிட்டு அவங்க என்ன பண்ணாங்க தெரியுமா?” என்றாள் ஹெஸ்டர். அவள் குரல் உயரவில்லை. “வீட்டுப் பக்கம் தாடி வச்ச பிச்சைக்காரன் யார் வந்தாலும் ஓடிப்போய் முகத்தைப் பார்ப்பாங்களாம். இத்தனை வருஷமா.”

கெலெஹர் சட்டைப் பையிலிருந்து மவுத் ஆர்கனை எடுத்து அவள் கையில் வைத்தார்.  புது முதலாளியிடம் நான் பேசுகிறேன், தோண்ட விடுவார் என்றாள் ஹெஸ்டர். கெலெஹர் மூலையில் சாத்தியிருந்த மண்வெட்டியை எடுத்து வந்தார். அது அங்கே எப்போதிலிருந்து இருந்ததோ.

மைதானத்தில் நடக்கும்போது ஆரின், பாதி சொன்னால் போதாதா என்று கேட்டான். ஓடவில்லை, தவறிப்போய்ச் சுட்டார்கள், இங்கே இருக்கிறான். அவ்வளவுதானே அம்மா கேட்டது? பாராக்காரன் பெயர் நம் இருவரோடு போகட்டும்.  காசு வாங்கிக்கொண்டு பாதி விற்கிற முதல் துப்பறியும் அலுவலகம் நம்முடையதாகத்தான் இருக்கும் என்றாள் ஹெஸ்டர். அவனுடைய வேடிக்கையை இந்தத் தடவை அவள் பேசியதே அவள் ஒத்துக்கொண்டதற்கு அடையாளம்.

அவள் பெஞ்சில் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, மவுத் ஆர்கனை அவர் மடியில் வைத்து, சின்னச் சின்ன வாக்கியங்களாகச் சொன்னாள். வெண்டல் ஓடவில்லை. ஒரு நாளும் ஓடவில்லை. பனிப்புயல், பாரா, காற்று, குண்டு. அவன் குதிரை நின்ற இடத்தில், அம்மாவின் பெயருக்குக் கீழே படுத்திருக்கிறான்.

ஒட்டிலி அம்மா அழவில்லை. “ஓடலையா?” என்று இரண்டு தடவை கேட்டார். பிறகு, “அவர்கிட்ட இதை இப்ப யார் போய்ச் சொல்றது?” என்றார். செத்துப்போன புருஷனைச் சொல்கிறார் என்று புரிய ஆரினுக்கு ஒரு கணம் ஆனது. வலி அதிகம் இருந்ததா என்று அவர் கேட்டதற்கு, உயிர் உடனே போய்விட்டது என்றாள் ஹெஸ்டர். அதை அவள் கெலெஹரிடம் கேட்கவே இல்லை.

 கொடிமரத்தை ஏலம் கேட்டார்கள். ஆரினால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. எதையாவது ஆறுதலாகச் சொல்ல வேண்டும் போலிருந்தது.

“அவரு பயந்துபோய் அலையல அம்மா. பாரா நின்னவருக்கு உதவி பண்ணத்தான் போனாரு. கையில சூடா காபி வச்சிருந்தாராம், ஆறிடக் கூடாதுன்னு நெஞ்சோட…”

ஹெஸ்டர் திரும்பிப் பார்த்தாள். அவன் நிறுத்தினான். ஆனால் சொல் போய்விட்டது.

“காபியா?” என்றார் அம்மா. “வெண்டலுக்குக் காபி ஆகாது. வாசனை வந்தாலே மூக்கைப் பிடிச்சுப்பான்.”

அவர் கண் பெஞ்சின் காலடியில் ஆரின் திருப்பிக் கொண்டுவந்து வைத்திருந்த கேனில் போய் நின்றது. மூடியைத் திறந்து உள்ளே பார்த்தார்.

“இதை யார் குடிச்சா, தம்பி?”

“நான்தாம்மா.”

“வேண்டான்னுட்டான்.” அவர் அதைக் கேள்வியாகக் கேட்கவில்லை. “சின்னதுல காஸ்பரைக் காபி காட்டித்தான் எழுப்பணும். பட்டாளத்துலேர்ந்து வந்தவன் அப்புறம் தொடவே இல்ல. பட்டாளத்துக் காபி அவ்வளவு மோசம் போலன்னு நான் வர்றவங்க போறவங்ககிட்டயெல்லாம் சொல்லிச் சிரிச்சிருக்கேன். அவனை வச்சுக்கிட்டே சிரிச்சிருக்கேன்.”

அவர் மூடியைத் திருப்பித் திருப்பி இறுக்கினார். அது எப்போதோ இறுகிவிட்டிருந்தது. பாலத்துக்கு அப்பால் வண்டியில் இருந்தவன் இவர்களுக்கு முதுகைக் காட்டியபடி உட்கார்ந்திருந்தான். கடிவாளத்தைக் கையில் பிடித்திருந்தான், புறப்படுகிறவன் போல, ஆனால் எங்கேயும் போகவில்லை. லாயத்திலிருந்து மண்வெட்டிச் சத்தம் வரத் தொடங்கியது. அம்மா ஹெஸ்டரின் மணிக்கட்டைப் பிடித்தார். அந்தப் பிடியின் பலம் ஆரினுக்குப் பார்க்கும்போதே தெரிந்தது.

“உங்களுக்கு இன்னும் ஒரே ஒரு வேலை இருக்கு, ஹெஸ்டர். அந்தப் பாராக்காரன் எங்கயோ உயிரோடதான் இருப்பான். அவனுக்கும் ஒரு அம்மா இருப்பா. அவளுக்கு அவன்மேல கோபம் இல்லன்னு சொல்லணும், எனக்கு எழுந்து நடக்கக் காலு வரல. நீங்க போய் அவன் கையைப் பிடிச்சு, அந்தப் பாலத்தைத் தாண்டி இங்க கூட்டிட்டு வந்துடுங்களேன்.”